பத்து நிமிட நிறுத்தம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மே மாதக் காலை. திருநெல்வேலியிலிருந்து ராதாபுரம் பக்கம் இருக்கும் காற்றாலைகளுக்கு வாடகைக் காரில் போய்க்கொண்டிருந்தேன். நான் அங்கே பராமரிப்புப் பொறியாளர். எந்த வண்டி, எத்தனை மணிக்கு, யார் யார் என்று தினமும் பட்டியல் போடுவதும் என் வேலைதான். தாமதம் எனக்குப் பிடிக்காது. அதனால் பட்டியலின் அடியில், ‘வழியில் எங்கும் நிறுத்தக் கூடாது’ என்று நானே ஒரு வரி சேர்த்திருந்தேன்.

அன்று காரில் நானும் ஓட்டுநர் அண்ணாச்சியும் மட்டும். நாங்குநேரி தாண்டியதும் வேகம் குறைந்தது. இண்டிகேட்டர் போட்டு ஓரங்கட்டினார், ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், என்ஜினை அணைத்தார். எல்லாவற்றையும் முறையாக முடித்த பிறகுதான் விலாவைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங் மேல் சாய்ந்தார். சட்டை முழுக்க வியர்வை.

அவரைப் பின்சீட்டில் படுக்க வைத்துவிட்டு நான் ஓட்டினேன். நெடுஞ்சாலையில் எனக்கு அதுதான் முதல் தடவை. அத்தனை வலியிலும், “பைய போங்க தாயி. கிளட்ச்சுல இருந்து கால எடுங்க, அது பாவம்லா” என்றார்.

வள்ளியூரில் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீரகக் கல், பாதையை அடைத்திருந்தது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் சிறுநீரகமே கெட்டிருக்கும் என்றார் டாக்டர். தண்ணீரே குடிப்பதில்லையா என்று கேட்டதற்கு, மறந்துபோகும் என்று மட்டும் சொன்னார் அண்ணாச்சி.

டாக்டர் போன பிறகு நான் விடாமல் கேட்டேன். “தண்ணி குடிச்சா வண்டிய நிப்பாட்டணும். நீங்கதான் நிப்பாட்டக் கூடாதுன்னு எழுதியிருக்கீங்கள்லா” என்றார், கோபமே இல்லாமல்.

மற்ற ஓட்டுநர்களிடமும் விசாரித்தேன். காலையில் வெறும் டீ, மதியம் வரை தண்ணீர் கிடையாது, சிறுநீர் வந்தாலும் அடக்கிக்கொள்வது. ஒருவர் விடாமல் இதையே சொன்னார்கள். மேலாளரோ அது ஓட்டுநர் பாடு என்றார். எண்பதில் போகும்போது அவருக்குக் கண் இருட்டினால் அது நம் எல்லார் பாடும்தான் என்றேன். ஒரு வாரம் இழுத்து, ஒப்புக்கொண்டார். என் வரியை நானே அடித்தேன். கழிப்பறை சுத்தமாக இருக்கும் ஒரு பெட்ரோல் பங்கில் பத்து நிமிட நிறுத்தம் என்று எழுதினேன்.

அண்ணாச்சி ஒரு மாதத்தில் குணமாகி வந்துவிட்டார். போன வாரம், வண்டி அந்தப் பங்குக்குள் திரும்பியதும், புதிதாகச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் நேரமாகிறது, இங்கே நிறுத்த வேண்டாம் என்றார்.

“பத்து நிமிசத்துல காத்து எங்கயும் ஓடிராது சார். நீங்களும் இறங்கிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு, அண்ணாச்சி வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து போய்க்கொண்டே இருந்தார்.

எத்தனையோ காற்றாலைகளைச் சரிசெய்து சுற்ற விட்டிருக்கிறேன். யாரிடமும் அனுமதி கேட்காமல் அவர் இறங்கி நடந்ததைப் பார்த்தபோது வந்த பெருமை, அவற்றில் எதைப் பார்த்தும் எனக்கு வந்ததில்லை.