மகளுக்காக ஒரு சத்தமான ஜெபம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு 'ஸ்தோத்திரம் அக்கா' என்று பெயர். மெஷின் ஓடினாலும் ஸ்தோத்திரம், நின்றாலும் ஸ்தோத்திரம். கரண்ட் போனதற்குமா என்று சூப்பர்வைசர் கேலி செய்தபோது, "கொஞ்சம் உட்கார வெச்சாரே தம்பி" என்றாள்.

துவைத்து வரும் படுக்கை விரிப்புகளைச் சுருக்கம் விழாமல் இஸ்திரி உருளைக்குள் கொடுப்பது அவள் வேலை. விரிப்பு உள்ளே போய் வெளியே வருவதற்குள், அதில் படுக்கப்போகிற முகம் தெரியாத நோயாளிக்காக ஒரு வரி ஜெபம் பண்ணிவிடுவாள். கேலி பேசியவர்கள்கூட வீட்டில் ஒன்று என்றால் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். புருஷன் போன பிறகு ஒற்றைப் பெண்ணை வளர்த்து ஆளாக்கியது தன் கை அல்ல, தன் முழங்கால் என்பது அவள் கணக்கு. சபையிலும் வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து மன்றாடுகிறவள் அவள்தான். கண்ணை மூடிவிட்டால் அவளுக்கு உலகமே கிடையாது. அதுதான் வினையாக வந்து முடிந்தது.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் ஒரு மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். ஷாலைக் கழுத்தோடு இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். தாய் அதை விலக்கிப் பார்த்தாள். கழுத்தில் கன்றிப்போன விரல் தடங்கள். கட்டினவன் அடிப்பது இன்று நேற்று ஆரம்பித்ததில்லையாம். அடித்துவிட்டு அழுவானாம், காலில் விழுவானாம், மறுபடி அடிப்பானாம். கடைக்குப் பின்தெருவில் ஓர் அறை பார்த்துவிட்டாளாம். மாதக் கடைசியில் காதும் காதும் வைத்தாற்போல் கிளம்பிவிடப் போகிறாளாம்.

"யார்கிட்டயும் மூச்சு விட்றாதம்மா. அவனுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னே போடுவான்."

"நான் ஏன்டி சொல்லப் போறேன்," என்றாள் தாய். சத்தியமாகத்தான் சொன்னாள். சலவைக்கூடத்தில் சொல்லவில்லை, உடன்பிறந்த தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். ஆனால் கடவுளிடம் சொல்வது சொல்வதில் சேருமா? அப்படி ஒரு கேள்வியே அந்த மனுஷிக்கு வரவில்லை. நம்மில் யாருக்காவது வந்திருக்கும் என்கிறீர்கள்?

வெள்ளிக்கிழமை மைக்கைப் பிடித்தாள். முதலில் ஊருக்காக, பிறகு நோயாளிகளுக்காக. கண்ணீர் பொங்கியதும் பிடி விட்டுப்போயிற்று. "என் பிள்ளைய அடிக்கிற கையைக் கட்டிப் போடும் ஆண்டவரே! மருந்துக்கடைக்குப் பின்னால அவ பார்த்து வெச்சிருக்கிற ரூமுக்கு அவளைப் பத்திரமா கொண்டுபோய்ச் சேரும்!" சபை முழுக்க ஆமென் என்றது. சிலர் அவளோடு சேர்ந்து அழுதார்கள். பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்து உட்கார்ந்தாள்.

வர முடியாதவர்களுக்காகச் சபை எல்லாக் கூட்டத்தையும் நேரலையில் விடுகிறது. கால் முடியாமல் வீட்டோடு இருக்கும் சம்பந்தியம்மாள் அதைத் தவறாமல் பார்ப்பவள். கேட்ட கையோடு மகனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

மறுநாளே மகளின் வேலை போயிற்று. கடைக்கு நேரில் போய், இனி வரமாட்டாள் என்று அவனே சொல்லிவிட்டு வந்தான். ஃபோனைப் பிடுங்கிக்கொண்டான். தாய் போய்க் கதவைத் தட்டினாள். தூங்குகிறாள் அத்தை, அப்புறம் வாங்க என்று சிரித்த முகமாக வாசலிலேயே அனுப்பிவிட்டான். போலீசுக்குப் போகலாம் என்று பாஸ்டர் காலைப் பிடித்தாள். அவரோ, முதலில் நான் பேசிப் பார்க்கிறேன், குடும்பம் உடைந்துவிடக் கூடாது சகோதரி என்றார். நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்களால் ஆகிற கேடு கொஞ்சமா நஞ்சமா!

ஞாயிற்றுக்கிழமை மருமகன் எல்லாருக்கும் முன்னால் முழங்காலில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதான். பாஸ்டர் இருவர் தலையிலும் கை வைத்தார். பிரிய இருந்த குடும்பத்தைக் கர்த்தர் சேர்த்துவிட்டார் என்று சொன்னதும் சபையே கைதட்டியது. முழுக்கை ரவிக்கையில் மகளும் தட்டினாள். தாய்க்கு மட்டும் கை எழவில்லை. பக்கத்து வரிசைக்காரி அவளைக் கட்டிக்கொண்டு, தாயின் கண்ணீருக்குப் பலன் இல்லாமல் போகுமா என்றாள். எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

ஆராதனை முடிந்ததும் மருமகன் வண்டி எடுக்கப் போன இடைவெளியில், செருப்பு விடுகிற இடத்தில் மகளைப் பிடித்துவிட்டாள். கையைப் பற்றினாள். மகள் வலியில் முகம் சுளித்துக் கையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னும் அடிக்கிறானாடி? என்கிட்ட சொல்லுடி. இப்பவே என்னோட வந்துடு."

மகள் குனிந்து செருப்பு வாரை மாட்டினாள். நிமிர்ந்தபோது அந்த முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"உன்கிட்ட சொன்னா ஜெபத்துல போயிடும்மா," என்றாள் மெல்ல.

வண்டி வந்து நின்றது. வரோம் அத்தை என்றான் மருமகன். மகள் அவன் பின்னால் ஏறி உட்கார்ந்து, கீழே விழாமலிருக்க அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.