கண்ணை எடுத்தால் நழுவும் கை

போன வாரம் ராயபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். எங்கள் தெருக்காரர் தேவன் அண்ணனைப் பார்க்க. காசிமேட்டில் விசைப்படகு ஓட்டியவர். நுரையீரலில் புற்று... டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள்.

பக்கத்தில் அவர் மனைவி லட்சுமி அக்கா. போன வருஷம் ஒரு காய்ச்சலைத் தொடர்ந்து வந்த நரம்புக் கோளாறு, அக்காவின் இரண்டு கைகளிலும் உணர்ச்சியைக் கொண்டுபோய்விட்டது. பலம் அப்படியே இருக்கிறது. குடம் தண்ணீரைத் தூக்குவார். ஆனால், டம்ளரைப் பிடித்தபடி வாசல் பக்கம் திரும்பினால் — டம்ளர் கீழே!

பலம் இருந்தும் ஏன் விழுகிறது? முன்பு ஒருமுறை அக்காவுக்குத் துணைக்குப் போனபோது அவருடைய டாக்டரிடம் கேட்டேன்.

"மூளை உத்தரவு போட்டா மட்டும் போதாது மேடம். 'பிடிச்சிருக்கேன், வழுக்குது, இறுக்கு'ன்னு கையும் பதில் அனுப்பிக்கிட்டே இருக்கணும். இவங்களுக்கு அந்தப் பதில் போய்ச் சேரல. கண்ணால பார்த்துப் பார்த்துத்தான் பிடிக்கிறாங்க."

நாமோ ஒரு கையில் காபி, மறு கையில் போன். காபி கப்பைப் பிடித்திருப்பதை என்றைக்காவது நினைத்திருக்கிறோமா?

போன வாரம் ஆஸ்பத்திரியில் அக்கா அண்ணனின் கையை இரண்டு கைகளாலும் பற்றியிருந்தார். குனிந்த தலை நிமிரவில்லை. பார்வை முழுக்க விரல்களில்.

"லச்சுமி... என்னைப் பாரேன்."

நிமிர்ந்தார். விரல்கள் தளர்ந்தன. அண்ணனின் கை மெத்தையில் விழுந்தது.

"இன்னாமே, அதுக்குள்ள வுட்டுட்ட?" அண்ணன் சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

"நான் எங்கய்யா வுட்டேன்? அதுவா வுட்டுடுது. கையப் பாத்தா உன் மூஞ்சியப் பாக்க முடியல. மூஞ்சியப் பாத்தா கை நிக்க மாட்டுது. நான் இன்னாய்யா பண்ணுவேன்?"

அக்கா உடைந்து அழுதார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அண்ணன் மெல்லத் தன் கையைத் தூக்கினார். அதற்கே மூச்சு வாங்கியது. அக்காவின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தார்.

அழுகை சட்டென்று நின்றது. கன்னத்தில் உணர்ச்சி இருக்கிறதே!

"சொரசொரன்னு கீதுய்யா..." என்றார் அக்கா. அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொல்லும்வரை இருவரும் அசையவில்லை.

மறுநாள் காலை அண்ணன் போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்த பெண்கள் ஒவ்வொருவராக அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அக்கா எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பிடிகூட அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

நான் அவர் கன்னத்தை என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.