கேமராவை வாட்டிய கதை

கொழுந்து வாடும்போது எழும் அந்த இனிப்பும் புளிப்புமான பச்சை வாசம் மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குத் தேயிலை நினைவு வரும். எனக்கோ கேமரா நினைவு வருகிறது. கேமராவுக்குள் பனி புகுந்துவிட்டதென்றும், அதைக் கொழுந்துபோல வாட்டி எடுத்தால் தெளிந்துவிடுமென்றும் மனமார நம்பிய ஒரே ஆள், நோர்வூட் பக்கத்தில் அனேகமாக நான்தான்.

அம்மா அப்போது குவைத்தில் வீட்டுவேலையில் இருந்தார். என் தங்கை கோகிலா பெரியவளான சடங்குக்கு வர அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால், அங்கிருந்து ஊருக்கு வந்த ஒரு அக்காவிடம் சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு மலிவு வீடியோ கேமராவைக் கொடுத்தனுப்பி, "ஒண்ணும் விட்டுடாம எடுடா, நான் இங்கன இருந்து பாத்துக்கிறேன்" என்று போனில் சொன்னார். ஒரு சவர்க்காரக் கட்டி அளவு. நடுவில் ஒரே ஒரு சிவப்புப் பொத்தான். எங்கள் லய வீட்டு வரிசையிலேயே அதை இயக்கத் தெரிந்தவன் நான்தான் என்று அறிவித்துக்கொண்டேன். போட்டிக்கு யாரும் வரவில்லை.

சடங்கன்று காலை, ஒத்திகை பார்ப்போம் என்று பொத்தானை அமுக்கினேன். திரை முழுக்கப் புகை. வாசல் தெரியவில்லை, பந்தல் தெரியவில்லை, பந்தலுக்குக் கீழே நின்ற அப்பா ஆவியைப்போல அசைந்தார். வெளியே வழக்கம்போல மலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. என் மூளை உடனே தீர்ப்பு சொல்லிவிட்டது, பனி உள்ளே போய்விட்டது. தண்ணீர் ஊற்ற நேரம் குறித்தாயிற்று, தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு வந்துகொண்டிருக்கிறார், அம்மாவோ கடலுக்கு அந்தப் பக்கம். நான் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு சாக்கடைக் கானில் விழுந்தது, திரும்பி எடுக்கவில்லை.

ஓடியது "ஸ்டோரு"க்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு. மேல்மாடியில் கொழுந்து வாட்டும் இடத்தில் என் கூட்டாளி செல்வராசு வேலை செய்தான். கீழிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வரும் அந்தத் தொட்டியில், கொழுந்துக்கு நடுவே கேமராவைப் படுக்க வைத்தோம். தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் ஐயா பார்த்துவிட்டார்.

"என்னாடா இது, இதையும் அரைச்சுத் தூள் போடப் போறீங்களா?"

"இல்லீங்கய்யா, உள்ளுக்குப் பனி போயிருச்சு. காய வைக்கிறோம்."

"ஒன் மண்டைக்குள்ளயும் போயிருக்கு. அதையும் அப்புடியே பக்கத்துல வையி."

திரும்பி வந்தபோது கேமரா சூடாக இருந்தது, தேயிலை வாசமும் அடித்தது, புகை மட்டும் போகவில்லை. சேலை மறைப்புக்குள் தண்ணீர் ஊற்றக் காத்து உட்கார்ந்திருந்த கோகிலாவை நோக்கி அதை நீட்டிக்கொண்டு அழும் நிலையில் நின்றேன். அவள் கேமராவை உற்றுப் பார்த்தாள்.

"அண்ணே, இதுக்கும் சடங்கா? பொட்டெல்லாம் வச்சிருக்கீங்க."

புதுச் சாமான் என்று அத்தை முந்தின நாள் சாமி படத்தண்டை வைத்து, கண்போல இருந்த கண்ணாடியிலேயே சந்தனத்தைத் தடவிவிட்டிருந்தார். காலையிலிருந்து நான் திரையையே முறைத்துக்கொண்டிருந்தேன். கேமராவின் முகத்தைப் பார்க்கும் இடத்தில் இருந்தவள் அவள் ஒருத்திதான். பக்கத்துத் தட்டில் மாமன் சீராக வந்திருந்த சேலையின் முந்தானையை எச்சில் தொட்டு அவளே ஒரு துடைப்பு துடைத்தாள். தங்கச்சி தெளிவாகத் தெரிந்தாள், சிரித்துக்கொண்டு.

முழுவதும் எடுத்தேன். அன்றிரவே எல்லாரும் அந்தச் சின்னத் திரையில் தலையோடு தலை முட்டிப் பார்த்தோம். கம்ப்யூட்டர் இல்லாததால் பிரதி எடுக்கவில்லை. உள்ளேயிருந்த நகத்தளவு கார்டை குவைத்துக்குப் போன இன்னொருவரிடம் கொடுத்தனுப்பினோம். "பாத்தேன்டா, கண்ணுக்குள்ளயே நிக்குது" என்றார் அம்மா. வேலை முடிந்து திரும்பியபோது, கார்டு எங்கோ தொலைந்துவிட்டது என்றார். பார்த்துவிட்டாரே, போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

போன மாதம் கோகிலாவின் மகளுக்குச் சடங்கு. இம்முறையும் நான்தான், கையில் போன். படம் என்னவோ பளிங்குதான், இருட்டு மூலையிலும் முகம் தெரிகிறது. ஆனால் தண்ணீர் ஊற்றும் நேரம் பார்த்து லோன் வேண்டுமா என்று யாரோ அழைக்க, பதிவு நின்றது. பிறகு இடமில்லை என்றது, பிறகு பேட்டரி இல்லை என்றது. முன்னால் பத்துப் பேர் பத்துப் போனைத் தூக்கிக்கொண்டு நிற்க, எனக்குக் கிடைத்ததெல்லாம் முழங்கைகள். அந்தப் பழைய கேமராவில் காற்று இரைச்சலாக விழும், விளக்கு மங்கினால் உருவம் பொரிப் பொரியாகும். ஆனால் எடுக்கும்போது அதற்கு வேறு வேலை இருந்ததில்லை, அதை யாரும் கூப்பிட்டதுமில்லை. இப்போது அதற்குச் சார்ஜர் கேட்டால் ஹட்டன் கடைகளில் சிரிக்கிறார்கள். இதையெல்லாம் அலுப்போடு அம்மாவிடம் சொல்லி, அந்தச் சவர்க்காரக் கட்டிதான் மேல் என்று முடித்தேன்.

அம்மா பக்கத்திலிருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கட்டாரில் வேலையிலிருக்கும் கோகிலாவின் மாப்பிள்ளை, வீடியோ அழைப்பில் மகளைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இல்லடா, இதான் நல்லது" என்றார். "அப்ப அந்தக் கார்டைப் போட்டுப் பாக்க அங்க எனக்கு ஏது மெசினு? மேடம்கிட்ட கேக்கப் பயம். நீங்க மனசு விட்டுருவீங்கன்னு பாத்தேன்னு சொல்லிட்டேன்."

கோகிலாவின் சடங்கை அம்மா பார்க்கவே இல்லை.