தொட்டிப்பாலத்தைக் கட்டியது யார்?

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கின் பின்னால், வெட்டுக்கல் தூண்கள்மேல், ஒருகாலத்தில் தண்ணீர் கொண்டுபோன பழைய தொட்டிப்பாலம் ஒன்று பாதியில் அறுந்து நிற்கிறது. எதிரே சாயாக்கடை நடத்தும் பாலக்காட்டுத் தமிழர் என்னிடம், “எந்த ஊரும்மா?” என்கிறார்.

“மதுரை.”

“அப்போ கேட்டுக்கோ, இது பாண்டிய ராஜா கட்டினதாக்கும்.”

எனக்கு நம்பிக்கையில்லை. சற்றுமுன் ஒரு டச்சுத் தம்பதியிடம், இதை டச்சுக்காரர்கள் கட்டியதாகச் சொன்னவர் இவர்தான்.

“எங்க வீட்டுலயே முதல்ல காலேஜ் போனவ நான், அதுவும் வரலாறு. என்கிட்டயேவா? நிஜமா யாரு கட்டினது?”

“ஆருக்குத் தெரியும்? தெரியாதுன்னு சொன்னா ஒருத்தரும் நிக்க மாட்டாங்க. ஆளு நின்னு பாக்கிறதாலதான் மோளே, கிடங்கு முதலாளி இதை இடிக்காம விட்டிருக்கான்.”

ஒரு குடும்பம் பாலத்தைக் கவனிக்காமல் கடந்துபோகிறது. அவர் சாயா ஆற்றிக்கொண்டிருக்கிறார்.

“நீங்க எந்த ஊரு?” என்று அந்தக் குடும்பத்தை நிறுத்தி நானே கேட்கிறேன்.