கொண்டைக்கிளிக்கு ஒரு பொந்து

பிரபாகர் இருபத்திரண்டு வருடங்களாகத் திருப்பூரில் ஒரு பிரிண்டிங் பட்டறையில் படம் வரைகிறார். குழந்தைகள் பனியனில் அச்சாகும் பனிக்கரடி, திமிங்கிலம், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் அவர் கைவண்ணம். எதையும் நேரில் பார்த்ததில்லை. பார்க்காமலே வரைவதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கர்வத்துக்குத்தான் போன மாசியில் அடி விழுந்தது. பனியன் வாங்கும் ஆஸ்திரேலிய பையர் ஒருவர் காக்கட்டூ கேட்டிருந்தார். அந்த ஊர் வெள்ளைக் கொண்டைக்கிளி. பிரபாகர் கொண்டையை மஞ்சளில் விரித்து, கிளையில் சுள்ளிக்கூடு வரைந்து, கிளியை அதில் உட்கார வைத்தார். சாம்பிள் திரும்பி வந்தது. முதலாளி தமிழ்செல்வன் மெயிலைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார்.

“இது கூடு கட்டாதாமுங்க. வயசான தைலமரத்துப் பொந்துலதான் முட்டை வெக்குமாம். அந்தப் பொந்து உண்டாகவே நூறு வருசத்துக்கு மேல ஆகுமாம். மரத்தை வெட்டிப்போட்டா அதுக்குப் போக்கிடம் இல்லியாம். நீங்க காக்காக் கூட்டுல கொண்டுபோய் உக்கார வெச்சிருக்கீங்க. திங்கக்கிழமை ஓகே வாங்கலீன்னா வேற டிசைனரைப் பார்க்கோணுமுங்க.”

பிரபாகருக்கு வேர்த்துவிட்டது. நாற்பத்தெட்டு வயதில் வேறு வேலைக்கு எங்கே போவது? பொந்து என்றதும் கணியூரில் மாமியார் வீட்டருகே நின்ற மொட்டைத் தென்னை நினைவுக்கு வந்தது. இடி விழுந்து தலை கருகிய மரம். வருடந்தோறும் பச்சைக்கிளிகள் அதன் பொந்தில் குஞ்சு பொரிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நோட்டும் பென்சிலுமாகப் பஸ் ஏறினார்.

மரம் இல்லை. வேலியோரம் துண்டுகளாகக் கிடந்தது.

“ஏன் மாப்பிள்ளை வெட்டுனீங்க?” என்று மச்சினன் அங்கமுத்துவிடம் சத்தம் போட்டார்.

“நல்லாக் கேட்டீங்க மாமா! பொங்கலுக்கு வந்தப்ப, செத்த மரம் எதுக்கு, ஊட்டு மேல உழுந்துரும், வெட்டிப் போடுங்கன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?”

சொன்னது அவர்தான். கரும்பு கடித்துக்கொண்டே சொன்னார். பொந்து இருந்த துண்டின் முன் உட்கார்ந்து அதை வரைந்தார். விளிம்பில் நகக் கீறல்கள், உள்ளே மரத்தூள், அதில் ஓர் உடைந்த முட்டை ஓடு. அவருக்கு வெட்கமாக இருந்தது.

அந்தப் பொந்தைத் தைலமரத்தில் வைத்து அனுப்பிய படத்துக்குத் திங்களன்று ஓகே வந்துவிட்டது. பொந்து தத்ரூபமாக இருக்கிறதென்று பாராட்டு வேறு. முதலாளி வாங்கிக் கொடுத்த டீயைப் பிரபாகர் அப்படியே வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை எடுத்துப் போனார். ஏணி போட்டு, அங்கமுத்துவும் அவருமாகப் பொந்துத் துண்டைத் தூக்கிப் பக்கத்துத் தென்னையில் நிறுத்தி, துணியை முறுக்கி இறுகக் கட்டினார்கள்.

“இதுல கிளி குடிவருமாங்க மாமா?” என்று அங்கமுத்து சிரித்தார்.

ஒரு மாதமாகப் பிரபாகர் வாரந்தோறும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். கிளிகள் வருகின்றன. பழைய மரம் நின்ற இடத்துக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடுகின்றன.