இருபத்தேழு புத்தகங்கள் தைத்த போர்வை

1943 ஆகஸ்ட் 19ஆம் தேதி, மலாயாவில் லாபிஸிலிருந்து ஆறு மைல் தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தின் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் இருபத்தேழு பெயர்களுக்கு நேரே ஒரே கையெழுத்தில் ஒரே சொல் ஏறியது: 'ஓடிவிட்டான்'. தோட்டத்தில் அந்தச் சொல்லுக்குப் பல் உண்டு. ஓடிப்போனவனின் குடும்பத்துக்கு ரேஷன் அரிசி கிடையாது. லயம் என்ற தொழிலாளர் வரிசையில் இருக்கும் வீட்டையும் காலி செய்துவிட வேண்டும்.

இருபத்தேழில் ஒரு பெயர் செபஸ்தியன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெசராக இருந்தவர். அவர் மனைவி கெர்ட்ரூட்டுக்கு அப்போது முப்பத்தொரு வயது. ஜப்பான்காரர்கள் வந்து மூடும்வரை தோட்டப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். மூடிய பிறகும் பள்ளிக்குப் பின்னால் இருந்த அறையிலேயே குடியிருந்தாள். வாயை மூடிக்கொண்டு போகிற பழக்கம் அவளுக்குச் சிறுவயதிலிருந்தே இல்லை.

நடந்தது இதுதான். அதற்கு இரண்டு நாள் முன்பு, காலைப் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நின்றபோது, தோட்டத்துத் தலைமை எழுத்தரான பெரிய கிராணி அமலநாதன் ஓர் அறிவிப்புச் செய்தார். லாபிஸ் ஸ்டேஷனில் அரிசி வந்து இறங்கியிருக்கிறது, ஆளுக்கொரு கோணிப்பை எடுத்துக்கொண்டு லாரியில் ஏறுங்கள் என்றார். மரவள்ளிக் கிழங்கைத் தின்று நாக்குச் செத்துப்போயிருந்தவர்கள் முண்டியடித்து ஏறினார்கள். மூட்டை தூக்கும்போது யாருக்காவது அடிபட்டால் என்ன செய்வது என்று செபஸ்தியனும் மருந்துப் பெட்டியோடு ஏறினார். லாபிஸில் அரிசி இல்லை. ரயில் பாதை போடும் வேலைக்கு ஆட்களை ஏற்றி வடக்கே சயாமுக்குப் போகும் கூட்ஸ் வண்டி கதவைத் திறந்துகொண்டு நின்றது. எல்லோரையும் ஏற்றி வெளியிலிருந்து தாழ் போட்டார்கள்.

செக்ரோலில் ஏறிய சொல் காதுக்கு வந்ததும் கெர்ட்ரூட் நேரே ஆபீசுக்குப் போனாள்.

"ஐயா, இருபத்தேழு பேரும் ஓடிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்களாமே?"

"ஆளைக் காணோம். வேற எப்படி எழுதறது டீச்சர்?"

"ஓடிப்போறவன் கோணிப்பையத் தூக்கிக்கிட்டா ஓடுவான்?"

அமலநாதன் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க வீட்டுக்காரர் படிச்சவர். அவராவது சொல்லிட்டு ஓடியிருக்கலாம். இதுக்கு மேல பேசினா நான் பொறுப்பில்ல. லாபிஸ்ல கெம்பேத்தாய் ஆபீஸ் எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். பக்கத்துத் தோட்டத்தில் டைரி எழுதிய ஒரு கணக்குப்பிள்ளையை ஜப்பானிய ராணுவப் போலீசின் அந்த ஆபீசுக்குத்தான் கூட்டிப் போனார்கள். திரும்பி வந்தபோது அவருக்கு வலது கை விரல்கள் மடங்கவில்லை. வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். எழுதிய தாள் எதைப் பார்த்தாலும் சந்தேகம். பள்ளி அலமாரியில் இருந்த புத்தகங்களை அள்ளிக்கொண்டு போய் பெரட்டுத் திடலில் கொளுத்திவிட்டு, அலமாரியையும் விறகுக்கு உடைத்தார்கள். பரீட்சைத் தாள் ஒரு கட்டு மட்டும் வெற்றுத் தாள் என்று தப்பியது.

அந்தக் கட்டை கெர்ட்ரூட் பிரித்தாள். கணவனைப் பறிகொடுத்த பெண்களை ஒவ்வொருவராக அழைத்தாள். ஆளுக்கு ஒரு தாள். பெயர், தகப்பன் பெயர், லாரி ஏறிய நாள், ஏறச் சொன்னவர் யார், என்ன சொல்லி ஏற்றினார், எல்லாவற்றையும் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினாள். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துக் கட்டைவிரல் ரேகை வைக்கச் சொன்னாள். செபஸ்தியனுக்கான தாளில் தானே கையெழுத்துப் போட்டாள். என்றைக்காவது இந்த ஆட்சி போகும், அன்றைக்கு இந்த ஆண்கள் ஓடவில்லை என்று காட்ட ஒரு சாட்சி வேண்டும். அதுவரை தாள்கள் பிழைத்திருக்க வேண்டும். கூரையில் செருகினால் கரையான். மண்ணில் புதைத்தால் மழை. பெட்டியில் வைத்தால் சோதனை.

ஜொகூர் பாரு கான்வென்டில் படித்தபோது கன்னியாஸ்திரிகள் ஒட்டுப் போர்வை தைக்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். காகிதத்தை வேண்டிய வடிவத்தில் வெட்டி, அதன்மேல் துணித் துண்டைப் போர்த்தி, ஓரத்தை மடித்து நூலோட்டி நிறுத்துவார்கள். அப்படிச் செய்த துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்தால் கோணல் இல்லாமல் வரும். பெரும்பாலும் பூ வடிவம்தான் தைப்பார்கள். பூவுக்குத் தாளை வெட்ட வேண்டும். கெர்ட்ரூட்டால் இந்தத் தாள்களை வெட்ட முடியாது. ஒரு தாளை எடுத்து நீளவாக்கில் மூன்றாக மடித்துப் பார்த்தாள். அலமாரியில் நிற்கும் புத்தகத்தின் முதுகு மாதிரி இருந்தது.

போதும், வடிவம் கிடைத்துவிட்டது. 'எரிச்சீங்களா? இந்தா, என் கட்டில்லயே ஒரு அலமாரி' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

துணிப் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம். ஒவ்வொருத்தியும் கணவன் விட்டுப்போன சட்டை, வேட்டி, தலைத்துண்டு, எது இருந்ததோ அதில் ஒரு துண்டு கொண்டுவந்தாள். நூல் கிடைக்கவில்லை, அன்னாசி இலையைச் சுரண்டி நார் எடுத்துத் திரித்தார்கள். தோட்டம் முழுக்க ஒரே ஓர் ஊசி. எல்லோரும் சேர்ந்து தைப்பது பார்ப்பவர்களுக்குப் பொழுதுபோக்காகத் தெரிய வேண்டும் என்பதால், பகல் வெளிச்சத்தில், பள்ளி வராந்தாவில், வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்து தைத்தார்கள்.

"எங்க வீட்டுக்காரருக்குப் புத்தகமா!" பேச்சியம்மாள் சிரித்தாள். "கைநாட்டு வைக்கச் சொன்னாலே எந்த விரலுன்னு கேக்குற மனுசன் டீச்சரம்மா."

"அவர் படிக்க வேணாம். அவர் புத்தகத்துல என்ன கதை இருக்கும், அதச் சொல்லு."

"தண்ணியப் போட்டுட்டு ஆத்து முதலைகிட்ட வம்புக்குப் போனாரே, அந்தக் கதைதான்."

அந்தப் புத்தகத்தின் மேலிருந்து பச்சைத் துணியில் தைத்த முதலை ஒன்று தலையை நீட்டியது. அடுத்திருந்த வெள்ளையம்மா, தன் கணவனின் குறட்டையில் லயமே பறக்கும் என்றாள். அவள் புத்தகத்துக்கு மேலே லயத்து வீட்டு வரிசை ஒன்று தகரக் கூரையோடு ஆகாயத்தில் பறந்தது. ஒன்றில் நிலாவை மீன்வலை போட்டுப் பிடித்தார்கள். ஒன்றிலிருந்து ரப்பர் மரம் காலை எடுத்து வைத்து வெளியே நடந்தது. ஒரு தட்டுக்கு ஒன்பது புத்தகம், மூன்று தட்டு. உலகத்தில் எந்த அலமாரியிலும் இல்லாத புத்தகங்கள்.

கைகள் தைத்துக்கொண்டிருக்க, தோட்டத்தில் நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. அக்டோபருக்குள் ஏழு குடும்பங்களை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். அவர்கள் பள்ளிக்கூடத்தில் வந்து ஒண்டினார்கள். அந்த மாதம்தான் லாரி ஓட்டும் தங்கராஜு ஒரு செய்தி சொன்னார். சயாமுக்குப் போனவர்களின் குடும்பத்துக்கென்று ஜப்பான்காரர்களின் லாபிஸ் டிப்போ மாதாமாதம் தனியாக அரிசி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. மூட்டைகளைப் பெரிய கிராணி வீட்டு ஸ்டோரில் இறக்குவது தங்கராஜுதான்.

"எழுதித் தருவீங்களா அண்ணே?" என்று கேட்டாள் கெர்ட்ரூட்.

தங்கராஜு வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்தார். "எழுதுங்க. வண்டிய நான் ஓட்டறேன், வயித்தெரிச்சல நான் ஏன் சுமக்கணும்?"

அந்தத் தாளுக்குத் தனி இடம் வேண்டியிருந்தது. நடுத்தட்டில் புத்தகங்களுக்கு இடையே இறக்கை முளைத்த புலி ஒன்றைத் தைத்து, அதன் வயிற்றுக்குள் தாளை வைத்தாள்.

1944 பிப்ரவரியில் போர்வைக்கு அடித்துணியும் போட்டாகிவிட்டது. அலமாரிப் போர்வையின் பேச்சு லயம் தாண்டி ஆபீசுக்கும் போய்விட்டது. லாபிஸில் இருந்த ஜப்பானிய ஆபீசருக்கு இடமாற்றம் வந்திருந்ததாம். ஊருக்குக் கொண்டுபோக உள்ளூர்க் கைவேலை ஏதாவது வேண்டும் என்றாராம். அமலநாதன் போர்வையைத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். எடுத்துவர மனைவியை அனுப்பினார்.

அமலநாதனின் மனைவி வினிஃப்ரெட், கான்வென்டில் கெர்ட்ரூட்டுக்கு இரண்டு வகுப்பு மூத்தவள். மத்தியான வெயிலில் குடை பிடித்துக்கொண்டு, கையில் ஒரு பால் டின்னோடு வந்தாள்.

"ஆபீசருக்கு இது ரொம்பப் பிடிக்குமாம். சும்மா கேக்கல லா, பால் டின் வச்சிருக்கேன் பாரு."

"இது யாரோட ரேஷன்லருந்து எடுத்தது அக்கா?"

"உன் வாய் இன்னும் குறையல," என்று சொல்லிக்கொண்டே வினிஃப்ரெட் கட்டிலில் கிடந்த போர்வையைத் தூக்கினாள்.

போர்வை சரசரவென்று சத்தம் போட்டது.

வேறு யாராக இருந்தாலும் துணிக்குப் போட்ட கஞ்சி என்று நினைத்திருப்பார்கள். வினிஃப்ரெட் கான்வென்டில் இரண்டு வருடம் தொடர்ந்து தையல் பரிசு வாங்கியவள். புலியின் வயிற்றை விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"அலமாக்! உனக்கென்ன கிறுக்கா? லைனிங் போடறதுக்கு முன்னால பேப்பரையெல்லாம் உருவிடணும்னு சிஸ்டர் ஸ்கேலால அடிச்சுல்ல சொல்லிக்குடுத்தாங்க. மறந்துட்டியா?"

பஞ்சு கிடைக்கவில்லை, கதகதப்புக்குப் பழைய பேப்பர் என்று ஒரு பொய் பல நாளாகத் தயாராக இருந்தது. நாக்கு நுனிக்கும் வந்துவிட்டது. கெர்ட்ரூட் அதை விழுங்கினாள்.

"மறக்கல. வேணும்னுதான் எடுக்கல. இருபத்தேழு புத்தகத்துலயும் உங்க வீட்டுக்காரர் பேர் இருக்கு. கோணிப்பைய எடுத்துக்கிட்டு ஏறுங்கன்னு சொன்னவர் அவர்தான்னு இருபத்தேழு பேர் சாட்சி சொல்லியிருக்காங்க. புலி வயித்துல உங்க ஸ்டோர் அரிசி இருக்கு."

வினிஃப்ரெட் புலியின்மேல் இருந்த விரலை எடுத்தாள். ஆனால் அவளும் லேசுப்பட்டவள் அல்ல. "நான் இப்பவே போய்ச் சொன்னேன்னா, ஆள் வந்து இத நெருப்புல போட்டுருவாங்க. உன்னையும் சேர்த்து."

"போடுங்க. ஆபீசர் ஆசைப்பட்ட பொருள ஏன் எரிச்சீங்கன்னு அவன் கேப்பான்ல? அதுக்கு ஒரு பதில் வச்சுக்கோங்க. இல்ல, அவன்கிட்டயே குடுத்துருங்க. முதல் தடவ புரண்டு படுக்கறப்பவே சரசரக்கும். பிரிப்பான். தமிழ் தெரிஞ்ச மொழிபெயர்ப்பாளர் லாபிஸ்லயே இருக்கார். ஆளப் பிடிச்சுக் குடுத்தது அவனுக்குத் தப்பாத் தெரியாதுக்கா. ஜப்பான் அரிசியத் திருடினது தெரியும்."

பள்ளியில் ஒண்டியிருந்த குடும்பங்கள் வாசலில் வந்து கூடியிருந்தன. பேச்சியம்மாள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வினிஃப்ரெட் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "என்ன வேணும் உனக்கு?"

"இருபத்தேழு வீட்டுக்கும் அரிசி. வர்ற சனிக்கிழமையிலருந்து. வெளியேத்தின ஏழு குடும்பமும் அவங்கவங்க வீட்டுக்குத் திரும்பணும். போர்வை எங்க இருக்கோ அங்கயே இருக்கும்."

"அவர் ஒத்துக்கணுமே."

"நீங்க சத்தத்துலயே கண்டுபிடிச்சீங்க, ஆபீசரும் கண்டுபிடிப்பான்னு அவர்கிட்ட சொல்லுங்க. ஒத்துக்குவார்."

"ஆபீசருக்கு நான் என்னத்தச் சொல்றது?"

"மூட்டைப்பூச்சின்னு சொல்லுங்க."

வாசலில் யாரோ அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். வினிஃப்ரெட் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பால் டின்னைத் திரும்ப எடுக்கவில்லை. மறந்தாளா, விட்டுப்போனாளா என்று கெர்ட்ரூட் கேட்டுக்கொண்டிருக்கவும் இல்லை. அன்று சாயங்காலமே அதை உடைத்து, வராந்தாவில் இருந்த குழந்தைகளுக்குக் கலக்கிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை அரிசி வந்தது. புழுத்த அரிசி, அளவும் மட்டம். கெர்ட்ரூட் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய் ஸ்டோர் வாசலில் நின்றாள். யாரும் கத்தவில்லை, அழவில்லை. அவள் போர்வையை மட்டும் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள், சூரியன் உச்சிக்கு ஏறிய வெயிலில். அமலநாதன் ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்தார். இரண்டாவதாக நல்ல அரிசி மூட்டை திறக்கப்பட்டது. ஏழு குடும்பங்களும் அந்த வாரமே வீடு திரும்பின. செக்ரோலை மட்டும் அவர் திருத்தவில்லை. திருத்தினால் எழுதியது பொய் என்று தானே ஒப்புக்கொண்டது போலாகும்.

யுத்தம் முடிந்த மறு ஆண்டு மார்ச்சில் கெர்ட்ரூட் போர்வையைச் சுருட்டிக்கொண்டு ஜொகூர் பாருவுக்கு ரயில் ஏறினாள். சயாமுக்குக் கொண்டுபோனவர்களைப் பதிவு செய்யும் ஆபீசில், மேசைமேல் அதை விரித்து, அடித்துணித் தையலைக் கத்தரித்தாள். அங்கிருந்த எழுத்தர் தாள்களை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். "நீங்க பாத்து எழுதிக்கோங்க, நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன்," என்றாள். இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். இருபத்தேழு பெயர்களும் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் என்று பதிவாயின. அதற்குள் எட்டுப் பேர் திரும்பி வந்திருந்தார்கள். செபஸ்தியன் வரவில்லை.

1946 ஜூன் மாதம் தோட்டப் பள்ளியை மறுபடி திறந்தார்கள். முதல் நாள் முப்பத்து நான்கு பிள்ளைகள் வந்தார்கள்; பாடம் எடுத்தவள் கெர்ட்ரூட்.