சோடியம் திரும்பி வரும்வரை

எங்கள் ஆய்வகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பம்பரம் என்றால்தான் தெரியும். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவளைப் போல வருவாள், போவாள், டீயைக்கூட நடந்துகொண்டே குடிப்பாள். எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அவள் வைத்த பெயர் பாறாங்கல். எனக்குக் கோபமில்லை என்று சொன்னால் அது பொய்.

அவள் வேலை தூள் தயாரிப்பது. சோடியம் பேட்டரியின் நேர்முனைக்கான இரும்பு பாஸ்பேட் தூள். நாங்கள் தேடும் வகையை நேராக உலையில் வைத்துச் சுட்டு எடுக்க முடியாது. லித்தியம் பேட்டரித் தூளை வாங்கி, லித்தியத்தை வெளியேற்றி, காலியான இடத்தில் சோடியத்தைக் குடியேற்ற வேண்டும். வாடகைக்கு இருந்த ஒல்லி ஆசாமியைக் காலி செய்துவிட்டு அதே அறையில் ஒரு குண்டரை நுழைப்பது மாதிரி. வாரக்கணக்கில் இழுக்கும் வேலை.

சார்ஜ் ஏறும்போது சோடியம் வெளியே போகும், படிக அமைப்பு சுருங்கும். சார்ஜ் இறங்கும்போது சோடியம் திரும்பி வரும், அமைப்பு விரியும். இப்படிச் சுருங்கி விரிந்தும் பழைய அமைப்புக்கே திரும்புகிறதா என்பதுதான் எங்கள் கேள்வி. திரும்புவதைக் கண்ணால் காட்டினால் திட்டம் தொடரும். இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள், ஒப்பந்த வேலையில் இருந்த பம்பரம் வேறு ஊருக்குப் போகவேண்டியதுதான்.

ஊர் மாறுவது அவளுக்குப் புதிதில்லை. மூட்டை கட்டுவது அவளுக்குக் கைவந்த கலை. ஆனால் இந்த முறை மகள் முரண்டு பிடித்தாள். எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண்.

“இன்னொரு ஸ்கூலுக்குப் போய் தெரியாத பசங்க நடுவுல உக்கார என்னால முடியாதும்மா. நீ போறதுன்னா போ. நான் சித்தி வீட்லயே இருந்துக்கறேன்” என்றாளாம்.

அதிலிருந்து பம்பரத்துக்கு இருப்பு கொள்ளவில்லை. என் அறைக்கு வருவாள், கணினித் திரையைப் பார்ப்பாள், பேனாவைக் கழற்றுவாள், மாட்டுவாள்.

“குட்டி போட்ட பூனையாட்டம் சுத்தாதம்மா. எனக்குத் தலை கிறுகிறுங்குது.”

“உங்களுக்கென்னண்ணே, இருந்த இடத்துல காலம் ஓடுது.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

சோடியம் ஏற்றிய தூளைக் கழுவியாயிற்று. இனி இளஞ்சூட்டில் காயவைக்க வேண்டும். அந்த அடுப்பு ஆமை வேகம். பொறுமை இல்லாதவள், பக்கத்து அறையிலிருந்த குழாய் உலையில் தூளை வைத்து, பொத்தானை அழுத்திவிட்டு வேறு வேலைக்கு ஓடிவிட்டாள். முன்பு பயன்படுத்திய ஆள் எந்தச் சூட்டுக்கு அமைத்திருந்தான் என்று பார்க்கவேயில்லை. அவன் தன் தூளுக்குக் கரிப்பூச்சு ஏற்றுவதற்காகச் சூட்டை உச்சியில் வைத்திருந்தான்.

மறுநாள் காலை தூளை என்னிடம் கொடுத்தாள். எக்ஸ்ரே படம் எடுத்தேன். படிக அமைப்பைக் காட்டும் கோடுகள் எல்லாம் இடம் மாறி நின்றன.

அதே இரும்பு, அதே பாஸ்பேட், அதே சோடியம். அமைப்பு மட்டும் வேறு. அளவுக்கு மீறிச் சூடு பட்டால் இந்தத் தூள் இப்படித்தான் மாறிக்கொள்ளும். மாரிசைட் என்பார்கள். அசையாத, நிம்மதியான அமைப்பு. சோடியம் உள்ளேதான் இருக்கும், வெளியே வர வழி இருக்காது. எங்கள் பேட்டரிக்கு அது வெறும் மண்.

அவளுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திரையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

“போன மாசத் தூளுக்கு எடுத்த படம் இருக்குல்ல. அதயே சோடியம் திரும்பி வந்த படம்னு காட்டி ஒப்பேத்திடலாமாண்ணே?”

“என்ன பேச்சு பேசற? எந்திரிச்சுப் போ!” என்று கத்தினேன். அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். கத்தின பிறகு சித்தி வீட்டுக்குப் போகப்போகும் அந்தப் பெண்ணை நினைத்தேன்.

பம்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகத் திட்டத் தலைவியின் அறைக்குப் போனாள். நடந்ததை அப்படியே சொல்லிவிட்டாள். தலைவி திட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் கேட்டார்:

“வடிகட்டின தாள்ல, குடுவைல ஒட்டிட்டிருக்கறத வழிச்சா, ஒரு பேட்டரி செல்லுக்குத் தேறுமா?”

“தேறும் மேடம்.”

“இதயும் கருக்கிட்டன்னா என் முகத்துலயே முழிக்காத.”

சுரண்டி எடுத்தாள். மிளகாய் வற்றலைக் காவல் காப்பது மாதிரி அந்த ஆமை அடுப்பின் பக்கத்திலேயே கிடந்தாள். காய்ந்ததும் செல் கட்டி, என் எக்ஸ்ரே கருவியில் பொருத்தினோம். அது உண்மையிலேயே மெதுவாக நடக்கும் சோதனை. அவசரப்பட்டு மின்னோட்டத்தைக் கூட்டினால் எல்லாம் குழம்பிவிடும்.

சார்ஜ் ஏற ஏற, கோடுகள் நகர்ந்தன. பாதி வழியில் இடைப்பட்ட அமைப்பு ஒன்று தலைகாட்டியது. பிறகு அதுவும் மங்கி, சுருங்கிய அமைப்பின் கோடுகள் எழுந்தன. சோடியம் போய்விட்டது. போவது சுலபம், எல்லாம் போகும். வருமா?

மத்தியானம் மின்னோட்டத்தைத் திருப்பினோம். கோடுகள் அசையவில்லை. ஒரு படம், இன்னொரு படம், அசையவில்லை. ஜன்னலுக்குப் போனேன், திரும்பினேன், கதவுவரை போனேன்.

“அண்ணே, வருது” என்றாள்.

வந்தது. இடைப்பட்ட அமைப்பு முளைத்து, மறைந்து, பழைய கோடுகள் பழைய இடத்திலேயே வந்து நின்றன. கொஞ்சம் பருத்திருந்தன, போய் வந்த களைப்பு. ஆனால் அதே அமைப்புதான். அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தலைவி, “திட்டம் தொடரும். நான் பேசிக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பம்பரம் மகளுக்குப் போன் போட்டாள்.

“எங்கயும் போகலடி. இங்கயேதான் இருக்கோம்.”

அந்தப் பெண்ணின் குரல் எனக்கே கேட்டது: “எங்கம்மா இருக்க? நடக்கற சத்தமே கேக்கலயே?”

“உக்காந்திருக்கேன்.”

“ஐயோ, உடம்பு சரியில்லயா?”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. போனை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கொஞ்சம் உக்காருங்கண்ணே. மத்தியானத்துலேர்ந்து குட்டி போட்ட பூனையாட்டம் சுத்தறீங்க.”

எங்கே உட்காருவது? என் நாற்காலியில் அவள் இருந்தாள்.